சமயவாதத்திற் பெயர் மறைத்தல்

நமது ஊர்களிலே ஒரு கோயிலிற் கொடியேற்றம் நெருங்குங் காலத்திலாயினும், ஒரு பிரசங்கியார் வந்து பேசிப்போன மறுநாளிலாயினும், எழுதியவர் இன்னாரென்று அறியப்படாத ஒரு துண்டுப்பத்திரம் புறப்படுதல் நெடுநாள் வழக்கம். அதனடியிலே “உண்மை விளம்பி” என்றோ, “சைவாபிமானி” என்றோ, “ஊர் நலம் விரும்பி” என்றோ ஒரு புனைபெயர் நிற்கும், சிலவற்றில் அதுவுமில்லை. முன்னே இதற்கு ஓர் அச்சுக்கூடமுஞ் சில ரூபாயும் வேண்டியிருந்தன. இப்பொழுது அவையும் வேண்டா. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே இரவில் எழுதிவிட்டது விடியுமுன் ஊரெங்கும் பரவிவிடுகின்றது. கல்வித் திணைக்களத்துக்குப் போகும் மொட்டைப் பெட்டிசத்தின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். அதன் சுவை ஆசிரியர்களாகிய நமக்குச் சொல்லித் தெரியவேண்டுவதன்று.

இப்பத்திரங்களுட் பல சமயத்தைப் பற்றியன. தீக்ஷை பெறாதார் இன்ன கருமஞ் செய்யலாமா, பலியிடுங் கோயிலுக்குப் போகலாமா, இன்ன சுவாமியார் மெய்ஞ்ஞானியா வேடதாரியா, சபைக்குப் போன குடும்பத்தோடு பந்தியில் இருக்கலாமா என்பன போன்ற வினாக்கள் அவற்றில் வரும். அவ்வினாக்கள் ஆராயத்தக்கனவே. ஆனால் இரண்டாம் வரியிலேயே வினா ஒதுங்கிவிட, வசை அவ்விடத்திலே வந்தமர்ந்துவிடும். மாணாக்கர் அதனைக் கையிற் கொண்டுவந்து, “ஐயா, இதிற் சொல்லியது மெய்யா?” என்று கேட்கின்றார்கள். அவர்களுக்கு நாம் யாது சொல்வது என்பதே இங்கே ஆராயப்படும்.

பெயரை மறைத்தெழுதுதல் எப்பொழுதுங் குற்றமேயென்பார் ஒருசாரார். சொல்லப்படும் பொருள் மெய்யாயிற் சொல்லுபவன் யாராயினென்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழுவதும் பொருந்தா. வலியாரை நோக்கி எளியான் ஒரு வினா வினவுங்கால் அவன் பெயரை மறைத்தல் தகும். அந்த மறைவினுள்ளே நின்றுகொண்டு ஒருவரை ஏசுதல் தகாது. இவ்வளவே நமது துணிபு. இதனை நிறுவுதற்கு நமது நூல்களையும், நமது ஊரிற் சென்ற நூற்றாண்டுக்கு முன்னை நூற்றாண்டிலே நடந்தவற்றையும் எடுத்துக்கொள்வோம்.

தருக்கநூலார் எதிர்வாதியோடு பேசும் பேச்சை வாதம், சற்பம், விதண்டை என மூவகைப்படுத்துவர். இப்பாகுபாடு கௌதமரது நியாயசூத்திரத்திலே உள்ளது. உண்மை காணுதற்கண் இருவர்க்கும் விருப்பமிருப்ப, தத்தம் பக்கத்தைப் பிரமாணங்கொண்டு நிறுவிப் பேசுவது வாதம். வெல்லுதலையே கருதி, சலம் முதலிய உபாயங்களையுங் கையாண்டு பேசுவது சற்பம். தனக்கென ஒரு பக்கத்தையும் நாட்டாது, பிறன் நாட்டியதை அழித்தலொன்றையே தொழிலாகக் கொள்வது விதண்டை. நாம் தருக்கசங்கிரகம் படிப்பிக்கும்பொழுது இம்மூன்றையும் வரைவிலக்கணமாகச் சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுகின்றோம். பாடசாலை மாணாக்கர்க்கு அநுமானத்தின் ஐந்து அவயவங்களிலும் பார்க்க இவையே நாடோறும் பயன்படுவன என்பது நமது கருத்து.

பெயரில்லாதவன் விதண்டையிலே விழுதல் எளிது. அஃதெங்ஙனமெனின், கூறுதும். பெயரோடு எழுதுபவன் நேற்று ஒன்று சொல்லியிருப்பான். இன்று ஒன்று சொல்லுவான். இரண்டுக்கும் பொருத்தம் என்னவென்று அவனைக் கேட்கலாம். அவன் ஒழுக்கத்துக்கும் அவன் சொல்லுக்கும் உள்ள இசைவை ஊரார் காண்பர். ஆதலால் அவன் பிறர்மேல் எறியுங் கல்லைத் தன் வீட்டுக் கூரையையும் நினைந்தே எறிவான். பெயரில்லாதவனுக்கோ கூரையில்லை. “உன் பக்கம் யாது?” என்று வினவுதற்கு அவன் அகப்படான். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழென்றார். பிறர் கொண்டதற்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலிற் குற்றங்காட்டல், பிறிதொன்றனோடு கலவாது தன் கொள்கையையே கொள்ளுதல் என அவை வரும். குற்றங்காட்டலும் மறுத்தலும் அவ்வேழனுள் அடங்கியிருத்தலை நோக்குக. சான்றோர் அவற்றை விலக்கினாரல்லர். ஆனால் அவற்றோடு உடன்படுதலும் நாட்டுதலும் ஒருங்குவைத்து எண்ணப்பட்டன. மொட்டைப் பத்திரத்திலே இவ்வேழனுள் இரண்டே உள்ளன. ஏனை ஐந்தையுந் தேடினாலுங் கிடையா.

நமது சித்தாந்த சாத்திரம் பிறர் மதத்தை மறுத்தற்குக் கூசியதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே உலோகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவரே சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு, அதன்பின்னரே மறுக்கின்றார். உலோகாயதன் பகுதியை மாத்திரந் தனியே எடுத்து ஒரு மாணாக்கனிடங் கொடுத்தால், இதனை எழுதினவர் உலோகாயதரென்றே அவன் மயங்குதலுங் கூடும். இவ்வாறு எதிரியின் பக்கத்தை அவன் முகங்கோணாதபடி எடுத்துரைத்தல் பெரியதோர் ஆற்றல். நமது பிரசங்க மேடைகளில் இவ்வாற்றல் அருகிவிட்டது. 1785 ஆம் ஆண்டிற் சிவபதமடைந்த மாதவச் சிவஞான யோகிகள், நமது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்த ஞானப்பிரகாச முனிவர் சித்தியாருக்கு எழுதிய உரையை எதிர்த்துச் சிவசமவாதவுரை மறுப்பு எழுதினார்கள். அவர்கள் நடையிலே கடுமை உண்டு. ஆயினும் இன்னார் இன்னாருடைய இன்ன வாக்கியத்தை மறுக்கின்றார் என்பது அங்கே வெளிப்படை. படிப்பவர் இருநூல்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துத் தாமே தீர்ப்புச் செய்துகொள்ளலாம்.

மணிமேகலை பௌத்த காவியமாயினும் இவ்விடத்தில் நமக்கு உதவுவது. அதிலே இந்திரவிழாவுக்கு முரசறைபவன் நகரத்தார்க்குச் சொல்லும் அறிவிப்புக்களுள், சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதில் ஏறுக என்பதும், பகைவரோடாயினும் கோபமுங் கலகமுஞ் செய்யாது விலகிப்போக என்பதும் வருகின்றன. பின்னர் வஞ்சிநகரத்திலே மணிமேகலை தன் பெண்ணுருவை மறைத்து, முதிர்ந்த ஒரு மாதவன் வடிவந் தாங்கிச் சமயக்கணக்கரிடஞ் செல்லுகின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி என ஒவ்வொருவரையும் அணுகி, உம்முடைய பொருள் யாதென்று கேட்கின்றாள். தன்னை மறைத்துச் சென்றவள் அவள். இளம்பெண்ணொருத்தி தனியே சென்று வினவினால் அக்காலத்துக் கணக்கர் யாது விடை கொடுத்திருப்பாரென்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். மறைவு அவளுக்குக் கேட்டலின்பொருட்டே வேண்டியிருந்தது. பூதவாதியிடத்தில் மாத்திரம் அவள் வாய் சற்றே கூர்மையாகின்றது. காட்சியொன்றையே கொள்வேன் என்ற அவனைப் பார்த்து, உன் தாய்தந்தையரை அநுமானத்தாலன்றி எவ்விதம் அறிவாய் என்று கேட்டுவிடுகின்றாள். அதுவும் நியாயமே, சொன்னவர் மாதவரோ மங்கையோ என்பதனால் அதன் வலி கூடுதலுமில்லை, குறைதலுமில்லை. பூதவாதியின் குலத்தையும் ஒழுக்கத்தையும் அவள் தொட்டாளல்லள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

அமெரிக்க மிஷனாரிமார் 1841 ஆம் ஆண்டிலே உதயதாரகைப் பத்திரிகையைத் தமிழிலும் இங்கிலீசிலுந் தொடக்கினார்கள். அவ்வாண்டிலேயே அதற்கு ஒரு கடிதம் புனைபெயரிலே சென்றது. அதனை எழுதினவர், அப்பொழுது பீற்றர் பெர்சிவல் பாதிரியாருடைய வெஸ்லியன் பாடசாலையைச் சார்ந்திருந்த, பதினெட்டு வயசினராகிய நல்லூர் ஆறுமுகம்பிள்ளை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். பின்னாளில் ஆறுமுகநாவலரெனப் புகழ்பெற்றவர் அவரே. சைவருடைய கோயிற் கிரியைகளை அஞ்ஞானமென்று இகழுங் கிறிஸ்தவரை நோக்கி, பழைய ஏற்பாட்டிலே யூதருடைய தேவாலயத்துக்கு விதிக்கப்பட்ட கிரியைகளை எடுத்துக்காட்டி, உங்கள் வேதத்தின் வேரும் அங்கேயன்றோ உள்ளது என்று கேட்பது அக்கடிதத்தின் சாரம்.

அக்காலத்து நிலையை ஆசிரியர்கள் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பாடசாலை அவர்கள் கையில். அச்சுக்கூடம் அவர்கள் கையில். பத்திரிகை அவர்கள் கையில். உத்தியோகத்துக்கு வழியாகிய இங்கிலீசும் அவர்கள் கையில். எழுதினவரோ அவர்களுடைய சோற்றையும் படிப்பையும் பெற்றுக்கொண்டிருந்த இளைஞர். தம்பெயரிட்டிருப்பாராயின் வினாவுக்கு முன்னே அவரல்லவா விசாரணைக்குட்படுவார்! நாமும் மிஷன் பாடசாலையிலே வேதபாடம் படித்தவர். நமது காலத்திலே ஒருவருந் துரத்தப்படார். ஆயினும் வகுப்பில் எழுந்து நின்று கேட்க நாவெழாத வினாக்கள் நமக்கும் இருந்தன. ஆதலால் அப்புனைபெயரை நாம் குற்றமென்று சொல்லோம். பத்திரிகையை நடத்தினவர்கள் எதிர்ப்பக்கத்தாருடைய அக்கடிதத்துக்குத் தங்கள் பத்திரிகையிலே இடங்கொடுத்ததும் பாராட்டத்தக்கது.

அந்த மறைவு எவ்வளவு காலம் நின்றது என்பது இன்னும் முக்கியம். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலரவர்கள் எல்லாருங் காண எழுந்து பிரசங்கஞ் செய்தார்கள். மறுவருடம் பெர்சிவல் பாதிரியாருடைய பாடசாலையை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1854 ஆம் ஆண்டிலே சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. பாதிரிமார் தூஷித்த ஒவ்வொன்றுக்கும் விவிலியத்திலிருந்தே ஒப்புக் காட்டி விடைசொல்லும் நூல் அது. பிற்காலத்தில், 1872 ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பத்திரிகையை எழுதிச் சொந்தச் சமயத்தாரையே கண்டித்தார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நடத்தினவர்களையும் அவ்வாறே வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பாதிரிமாரை எதிர்த்தலினும் பக்கத்து வீட்டுக்காரனை எதிர்த்தல் அரிது. இதனைக் கிராமத்திற் படிப்பிக்கின்ற எந்த ஆசிரியரும் அறிவர்.

இவ்வளவுஞ் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாது விடுதல் சரித்திரமாகாது.

சிதம்பரம் இராமலிங்க சுவாமிகள் 1823 ஆம் ஆண்டிலே மருதூரிற் பிறந்தவர்கள்; நாவலரவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வயசு இளையவர்கள். அவர்கள் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867 ஆம் ஆண்டிலே “திருவருட்பா” என்னும் பெயரோடு, திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கையும் அச்சிட்டார். தம்பெயரை இராமலிங்கசாமியென்று வழங்குதலே ஆரவாரமாகத் தோன்றுகின்றது, அது வேண்டாமென்று அடியாரொருவருக்குக் கடிதமெழுதியவர் இராமலிங்க சுவாமிகள். ஆகவே நூலின் பெயரும் வகுப்பும் மாணாக்கரது அன்பினால் வந்தனவென்றே கொள்ளல் தகும். சைவருட் பலருக்கு அது பொறுக்கவில்லை. தேவார திருவாசகம் முதலிய பன்னிரண்டு திருமுறைகளே அருட்பாவெனப்படும். உயிரோடிருக்கும் ஒருவருடைய பாடலை அப்பெயரால் வழங்குதலும், தேவாரம் ஓதுமிடத்தில் அதனை ஓதுதலும் முறையோ என்று வினவினார்கள்.

நல்ல வினா அது. ஒரு பாடலை அருட்பாவாக்குவது யாது? பாடினவரது அநுபூதியா, பரம்பரையின் ஏற்பா, ஓதுவார்க்கு விளையும் பயனா? திருமுறைகளும் ஒருநாளிலே பன்னிரண்டாயினவல்ல. நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். அவர் காலத்துக்குப் பின் தோன்றிய சேக்கிழாருடைய பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறையாக ஏற்கப்பட்டது. ஏற்றவர் யார், எவ்வுரிமையினால் ஏற்றனர், அவ்வாசல் பின் அடைபட்டது ஏன் என்று உயர்வகுப்பு மாணாக்கர் கேட்டால் ஒரு தவணை முழுவதும் அதனையே படிப்பிக்கலாம்.

அவ்வினாவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1869 ஆம் ஆண்டிலே போலியருட்பா மறுப்பு என்னும் நூல் மாவண்டூர்த் தியாகேச முதலியார் பெயராலே வெளிவந்தது. அதனை எழுதினவர் நாவலரவர்களே என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பியது. வினா அதனுள் இல்லாமலில்லை. ஆனால் பாடல்களைப் பற்றிய தருக்கத்தோடு, பாடினவரைப் பற்றிய ஏளனமும் மிகுதியாய்க் கலந்து வந்தது. பிறரொருவர் பெயர் முகப்பிலே நிற்கும்பொழுது கை தன் இயல்பான கட்டைக் கடந்துபோதல் மனித சுபாவம். யாழ்ப்பாணச் சமயநிலையிலே கண்டிக்கப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். எழுதினவரும் அவர்கள் முகத்திலே விழித்தாகவேண்டும். அந்நூலிலுள்ள கடுமை பெயரோடு வந்தமையால் ஒரு தகப்பனுடைய கடுமைபோலத் தோன்றுகின்றது. மற்றையதிலுள்ள கடுமைக்கு அவ்வுறவு இல்லை. இரண்டையும் ஒருங்குவைத்துப் படித்தவர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். ஆசிரியர்கள் அவ்வாறு படித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம்.

எதிர்ப்பக்கத்தாரும் பொறுமை காட்டினாரல்லர். விடையெழுதினவர்கள் அச்சிட்ட பெயரை ஒரு கண்ணாலும், ஊகித்த பெயரை மற்றைக் கண்ணாலும் பார்த்து எழுதவேண்டியவர்களாயினார்கள். ஊகத்தின்மேல் எழுதும் விடைக்கு அளவு ஏது? அவ்வாண்டிலேயே பேச்சு முற்றி, சிதம்பரத்திற் பேசப்பட்ட சொற்களைக் குறித்து மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலே வழக்கு நடந்தது. அவ்வழக்கைக் குறித்து இருசாராரும் இருவிதமான கதைகள் சொல்லுவர். எவர் எழுந்து நின்றார், எவர் இருந்தார் என்பன அவை. அக்கதைகள் இருபக்கத்து அன்பர்க்கும் இனியன. அருட்பாவாவது யாதென்னும் வினாவுக்கு அவற்றால் விடை வந்ததில்லை; மாஜிஸ்திரேட்டு அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவருமல்லர்.

1874 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இராமலிங்க சுவாமிகள் மேட்டுக்குப்பத்திலே மறைந்தருளினார்கள். 1879 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே நாவலரவர்கள் சிவபதமடைந்தார்கள். இருவரும் போனபின்னும் பகை போகவில்லை. இருபத்தைந்து வருடங்களின் பின், 1904 ஆம் ஆண்டளவிலே, நமது மேலைப்புலோலியிற் பிறந்து சென்னையிலே தமிழாசிரியராயிருந்த நா. கதிரைவேற்பிள்ளை மீண்டும் மருட்பா மறுப்பு எழுதினார். அவர் தம்பெயரிட்டே எழுதினாரென்பதை நாம் மறைக்கவில்லை. பெயரிட்ட மாத்திரத்தானே நடை திருந்திவிடும் என்று நாம் சொல்லவரவுமில்லை. முந்தினவர் விட்டுப்போன நடையைப் பிந்தினவர் எடுத்துக்கொள்வர் என்பதே நாம் காட்ட விரும்புவது. அருட்பாவின் பக்கத்திலே மேடையேறி வாதாடினவர்களுள் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இஸ்லாமியப் புலவர். சைவருடைய வீட்டுச் சண்டையிலே நியாயஞ் சொல்ல ஓர் இஸ்லாமியர் வரநேர்ந்தமையை ஒருசாரார் இழிவென்றனர். நமக்கோ அது அழகாகவே தோன்றுகின்றது. மறுபடியும் வழக்கு, மறுபடியும் நீதிமன்றம்.

அவ்வழக்கிலே கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போனவர் ஒரு மாணாக்கர். சென்னை வெஸ்லி கலாசாலையிலே அவரிடந் தமிழ் கற்றவர். சாட்சி சொல்லப் போனமையாற் பரீட்சைக்குப் போகவில்லை. அவருடைய பாடசாலைப் படிப்பு அதனோடு முடிந்தது. அம்மாணாக்கர் திரு. வி. கலியாணசுந்தரனார். பின்னாளில் அவர் பெரும் பத்திரிகாசிரியராயும் தொழிலாளர் தலைவராயும் விளங்கினமையால் அவ்விழப்பை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. எல்லா மாணாக்கருந் திரு. வி. க. ஆவரா? ஆசிரியருடைய பகையைத் தன் பகையாகத் தோளிலே தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் நமது வகுப்புக்களிலும் இருக்கின்றார்கள்; அவர்கள் பரீட்சையையும் நாம் நினைக்கவேண்டும். அதே திரு. வி. க. பின்னர் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்று ஒரு நூலெழுதி அவர்களைப் போற்றினார். தம் ஆசிரியர்மேல் வைத்த அன்பையும் அவர் கைவிட்டாரல்லர்.

“நாவலரவர்களைக் குறைகூறலாமா?” என்று அன்பர்கள் வினவுவார்கள். அவர்களிடத்து நமக்குள்ள கடப்பாடு பெரிது. நாம் நிற்கும் பாடசாலையும், கையில் வைத்திருக்கும் பாலபாடமும், குறியீடிட்டு எழுதும் இந்த வசனநடையும் அவர்கள் தந்தவை. அவர்கள் எழுதியவற்றுள் எதனைப் பின்பற்றுவது என்று தெரிந்துகொள்ளுதல் அவர்களுக்கு இழுக்காகாது. நாம் காண்கின்ற அளவிலே, வசைப்பத்திரமெழுதும் “சைவாபிமானி”கள் நாவலரவர்களைப் பின்பற்றுவதாகவே சொல்லிக்கொள்ளுகின்றார்கள். அவர்கள் பின்பற்றுவது 1869ஐ. 1872 கண்ணிற்படவில்லைப்போலும்.

பெயர் மறைத்தலிலே உயர்ந்த வகையொன்றும் உண்டு. பெர்சிவல் பாதிரியாரோடு பல வருடம் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே நாவலரவர்கள் உழைத்த உழைப்பு அத்தகையது. பழைய உரைகள் சிலவற்றுக்கு ஆசிரியர் பெயர் தெரியாது. நந்தவனத்திலே விடியற்காலையிற் பூவெடுத்துவைத்துவிட்டுப் போகும் அம்மையார் பெயரை எந்த நோட்டீசிலும் போடுவாரில்லை. இக்காலத்திலே கோயில் மின்விளக்கின்மேலே உபயகாரர் தம்பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கின்றார். கொடுக்கும்பொழுது விளக்கிலும் பெயரெழுதுகின்ற நாம், ஏசும்பொழுது மாத்திரம் அடக்கமுடையவர்களாகிவிடுகின்றோம்.

பாடசாலையிலே இதனை எவ்வாறு நடத்தலாம் என்பதைச் சிறிது சொல்லுவோம். நமது பாடசாலையிலே சைவசமய மன்றத்துக்கென ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கின்றோம். வினாவைப் பெயரின்றி எழுதிப் போடலாம். விடையையோ ஆட்சேபத்தையோ சொல்லவேண்டின் எழுந்து நின்று பெயரோடு சொல்லவேண்டும். எதிர்த்துச் சொல்லுபவர், முதலில் எதிரியின் கருத்தை அவரே “ஆம், நான் சொன்னது அதுதான்” என்று ஒப்பும்படி சொல்லிக்காட்டவேண்டும். இதனைப் பரபக்க முறையென்று மாணாக்கரே பெயரிட்டுவிட்டார்கள். இம்முறையினாற் பேச்சு மந்தமாய்ப் போகும். பாதி நேரம் எதிரியின் கருத்தைச் சரிவரச் சொல்லுதலிலேயே கழிந்துவிடும். விவாதப்போட்டிக்குப் பழகின பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. போட்டியிலே கைதட்டலுண்டு, இங்கே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தபொழுது இரண்டு சீட்டுக்கள் இருந்தன. ஒன்றிலே, “எங்கள் ஆட்களைக் கோயிலுக்கு உள்ளே விடாத ஊரிலே நாங்களும் சைவரா?” என்று எழுதியிருந்தது. எழுத்தை மாற்றி எழுதியிருந்தமையால் எவர் எழுதியதென்று நாம் ஆராயவில்லை, ஆராயவுங் கூடாது. மற்றதிலே, குடும்பத்தோடு ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகத்தொடங்கிய ஒரு மாணாக்கனைப் பற்றியும் அவன் தாயைப் பற்றியும் வாயாற் சொல்லத்தகாத வார்த்தைகள் இருந்தன.

முதற் சீட்டை அப்படியே வாசித்தோம். திருநாளைப்போவார் புராணத்தைப் பரீட்சைக்காகப் படித்திருந்த பிள்ளைகள், அதனை அன்றைக்குத்தான் படித்ததுபோல விழித்தார்கள். நந்தனார் கதையை எடுத்தோம். 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசங் கேட்டு நின்றவர்களையும், மறித்து நின்றவர்களையும் பற்றிச் சொன்னோம். அப்பாடவேளை அதற்குப் போதவில்லை. அவ்வினாவைப் பெயரோடு கேட்கும்படி நாம் விதித்திருந்தால் அது ஒருநாளும் அப்பெட்டிக்குள் விழுந்திராது.

இரண்டாஞ் சீட்டை வாசிக்கவில்லை. கிழித்தெறியவுமில்லை. வசையை நீக்கி, அதனுள்ளே கிடந்த வினாவை மாத்திரம் கரும்பலகையிலே எழுதினோம்: “சமயம் மாறியவரோடு முன்போல உறவாடலாமா?” ஆகாதென்று சொல்ல விரும்புபவர் எழுந்து, தம்பெயரோடு, மாறியவர் பக்கத்தை முதலிற் சொல்லிவிட்டுப் பின் மறுக்கலாம் என்றோம். ஒருவரும் எழவில்லை. வினாவை அழியாது விட்டுவைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மாணாக்கன் எழுந்தான். முன்பு சீட்டெழுதியவன் அவனோ பிறனோ, நாம் கேட்கவில்லை. மாறியவர் பக்கத்தைச் சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டான். “அவர்கள் ஏன் போனார்களென்று எனக்குத் தெரியாது, ஐயா” என்றான். “தெரிந்தவர் இங்கே இருக்கிறாரே” என்று அம்மற்ற மாணாக்கனைப் பார்த்தோம். அவன் எழுந்து, தகப்பன் காணாமற்போன வருடத்திலே தன் தாய்க்கு நோய் வந்ததையும், சபையார் மாத்திரமே வீட்டுக்கு வந்துபோனதையும் நாலைந்து வாக்கியத்திலே சொல்லிவிட்டு இருந்தான். முன்னவன் சிறிதுநேரம் நின்றான். தன் ஆட்சேபத்தை அடுத்த கிழமை சொல்வதாகக் கூறி இருந்துகொண்டான்.